கிரீன் பெல்ட் (நகரத்தைச் சுற்றிக் கட்டடம் பெருகாமல் காக்கப்படும் நிலம்) வயலில் 250 வீடு கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது. உள்ளூர்க் குழுக்கள் சேர்ந்து தடுக்க எத்தனை கையெழுத்து வேண்டும்?

கையெழுத்துக் கணக்கை விட்டுவிடுங்கள். ஐயாயிரம் பேர் போட்ட மனுவை, கட்டட அனுமதியைப் பரிசீலிக்கும் கவுன்சிலின் பிளானிங் அதிகாரி தன் அறிக்கையில் ஒரே வரியில் முடித்துவிடலாம்: "எதிர்த்து ஒரு மனு வந்துள்ளது." அந்த ஐயாயிரத்தில் பத்துப் பேர் ஆளுக்கொரு விஷயத்தை எடுத்து ஆதாரத்தோடு எழுதினால், அந்தப் பத்தையும் அவர் தொட்டுத்தான் ஆகவேண்டும்.

நீங்கள் இங்கிலாந்தில் ஏதோ ஒரு நகரத்தின் விளிம்பில் இருக்கிறீர்கள், விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டி ஒரு வாரம் ஆகிறது, ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனும் பாரிஷ் கவுன்சிலும் (ஊர் அளவிலான சிறு மன்றம்) நடைப்பயணக்காரர்களும் தனித்தனியாகப் பேனர் அடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் சொலிசிட்டர் இல்லை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு. இங்கே சொல்வது 2024 டிசம்பரில் வந்த தேசியப் பிளானிங் கொள்கையை வைத்து; அது அடிக்கடி மாறுகிறது, கடிதம் அனுப்பும் நாளில் நடப்பில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரீன் பெல்ட் லண்டனுக்கு 1938 சட்டத்தில் தொடங்கி, 1955-இல் வந்த அரசுச் சுற்றறிக்கையால் மற்ற நகரங்களுக்கும் பரவியது. இன்று இங்கிலாந்து நிலத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதன் நோக்கங்கள் ஐந்து: பெரிய நகரம் கட்டுப்பாடில்லாமல் பரவாமல் தடுப்பது, பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது, நாட்டுப்புறம் கரையாமல் பார்ப்பது, பழைய வரலாற்று நகரங்களின் சூழலைக் காப்பது, நகரத்துக்குள் கிடக்கும் பாழ்நிலத்தை முதலில் பயன்படுத்த வைப்பது. அழகும் வண்ணத்துப்பூச்சியும் இந்த ஐந்தில் இல்லை. "எவ்வளவு அழகான வயல்" என்று நானூறு பேர் எழுதினாலும் கிரீன் பெல்ட் வாதத்தில் அதற்கு எடை கிடையாது.

அடுத்து, நிலம் எந்த வாசல் வழியாகத் திறக்கிறது என்று பாருங்கள். கவுன்சில் தன் லோக்கல் பிளானை (எங்கே என்ன கட்டலாம் என்ற திட்டம்) திருத்தும்போது எல்லையையே மாற்றி வரையலாம். அதற்கு 'விதிவிலக்கான சூழ்நிலை' இருக்கவேண்டும். அதுவும் பாழ்மனைகள், கூடுதல் அடர்த்தி, பக்கத்துக் கவுன்சில்களின் பங்கு ஆகிய மூன்றையும் அலசிய பிறகுதான். இன்னொன்று உங்கள் ஊரில் நடப்பது: எல்லை மாறாமலே டெவலப்பர் நேரடியாக விண்ணப்பம் போடுகிறார். இதற்கு அளவுகோல் 'மிகச் சிறப்பான சூழ்நிலை', அதாவது தீங்கைவிட நன்மை தெளிவாக மிஞ்சவேண்டும். இரண்டையும் குழப்பி எழுதிய கடிதத்தைப் பார்த்ததும் அதிகாரிக்குத் தெரிந்துவிடும், கும்பலோடு கோவிந்தா போட்ட கடிதம் என்று.

உங்கள் கவுன்சிலில் லோக்கல் பிளானும் ஓடுகிறதா என்று இன்றே கேளுங்கள். பிளான் வரைவை அரசுக்கு அனுப்பும் முன் வரும் 'ரெகுலேஷன் 19' கட்டத்தில் குறைந்தது ஆறு வாரம் கருத்துக் கேட்பார்கள். மாற்றம் கோரி அப்போது எழுதியவருக்குத்தான் பிளானை ஆராயும் அரசு இன்ஸ்பெக்டர் முன் நேரில் பேசும் உரிமை. விண்ணப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே அந்த ஆறு வாரத்தைக் கோட்டைவிட்ட ஊர்கள் உண்டு.

இப்போது கிரே பெல்ட். முழுச் சண்டையும் இதில்தான், பல குழுக்கள் இதைப் படிப்பதே இல்லை. ஐந்து நோக்கங்களில் நகரப் பரவல், ஊர் ஒட்டுதல், வரலாற்று நகரம் ஆகிய மூன்றில் எதற்கும் 'வலுவாக' உதவாத நிலம் கிரே பெல்ட் ஆகிவிடும். நாட்டுப்புறத்தைக் காப்பது என்ற நோக்கம் இந்தக் கணக்கில் சேராது. அப்படி ஆனபின், மீதிக் கிரீன் பெல்ட்டின் நோக்கங்களை அடியோடு கெடுக்காமல், வீட்டுத் தேவை நிரூபணமாகி, போக்குவரத்து வசதியுள்ள இடமாக இருந்து, 'தங்க விதிகளும்' நிறைவேறினால், மிகச் சிறப்பான சூழ்நிலை காட்டவேண்டிய அவசியமே டெவலப்பருக்கு இல்லை. கவுன்சிலிடம் ஐந்து வருடத்துக்கான வீட்டுநிலம் கையிருப்பில் இல்லையென்றால் தேவை நிரூபணமானது போலத்தான். தங்க விதிகளில் முக்கியமானது, கவுன்சில் வழக்கமாகக் கேட்கும் மலிவு வீட்டு விகிதத்தோடு 15 சதவீதப் புள்ளி கூட்டித் தருவது. உச்சவரம்பு 50 சதவீதம்.

2025 பிப்ரவரியில் வந்த அரசு வழிகாட்டுதலைத் திறந்து, 'வலுவான பங்களிப்பு' எதற்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். நகரப் பரவலைப் பொறுத்தவரை, கட்டடம் இல்லாத, வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் இயற்கை அல்லது கட்டுமான எல்லை அருகில் இல்லாத, கட்டினால் விரல் நீட்டியதுபோல் ஒவ்வாமல் துருத்தும் நிலத்துக்குத்தான் அது கிடைக்கும். இப்போது உங்கள் பேனரை எடுத்துப் பாருங்கள். "பைபாஸுக்கும் ரயில்பாதைக்கும் நடுவே ஒளிந்திருக்கும் பசுமைத் தீவு" என்று எழுதியிருக்கிறதா? டெவலப்பரின் பாரிஸ்டருக்கு நீங்களே எழுதிக்கொடுத்த வரி அது. நாலு பக்கமும் தடுப்பு இருக்கிறது, இதைத் தாண்டி நகரம் பரவாது என்று அதையே எடுத்துப் படிப்பார். நீங்கள் காட்டவேண்டியது நேர்மாறானது: எந்தப் பக்கம் வேலியே இல்லாமல் அடுத்த வயலோடு கலக்கிறது, வேலிச்செடி எங்கே அறுந்து கிடக்கிறது, இது போனால் அடுத்த வயலை நிறுத்த என்ன இருக்கிறது. வரைபடத்தில் குறித்து, புகைப்படம் எடுத்த இடத்தையும் திசையையும் எழுதி வையுங்கள். ஊர் ஒட்டுதல் என்ற வாதமும் நகரங்களுக்கு இடையில்தான். இரண்டு கிராமங்களுக்கு நடுவே என்றால் வழிகாட்டுதல் அதை ஏற்காது.

குழுக்களைச் சேர்ப்பது என்றால் வாட்ஸாப் குரூப் திறப்பது என்று நினைக்கவேண்டாம். ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல், இரண்டு பேர் கையெழுத்துள்ள ஒரு வங்கிக் கணக்கு, ஒரு பக்க விதிமுறை. அதன் கீழே தலைப்புக்கு ஒரு ஆள். யாருக்கு எது கைவருமோ அதைக் கொடுங்கள்.

போக்குவரத்தை ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் எடுக்கட்டும். டெவலப்பரின் போக்குவரத்து அறிக்கையில் முதலில் பார்க்கவேண்டியது கணக்கெடுத்த தேதி. பள்ளி விடுமுறையில் எடுத்திருந்தால் அங்கேயே பிடியுங்கள். நீங்களும் பள்ளி நடக்கும் வாரத்தில் செவ்வாய், புதன் அல்லது வியாழக்கிழமை காலை 7 முதல் 10 வரை, 15 நிமிடத் துண்டுகளாக எண்ணுங்கள். சந்திப்பில் வரிசை எத்தனை கார் நீள்கிறது என்பதையும் சேர்த்து. பிறகு அவர்களுடைய 'வீட்டுக்கு இத்தனை பயணம்' என்ற எண்ணைப் பாருங்கள். அது ட்ரிக்ஸ் என்ற தரவுத்தளத்திலிருந்து வரும். ஒப்பிட எந்த இடங்களை எடுத்தார்கள் என்பது பின்னிணைப்பில் இருக்கும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் குடியிருப்புகளைப் பொறுக்கியெடுத்து, மணிக்கு ஒரு பஸ்கூட வராத உங்கள் வயலோடு ஒப்பிட்டிருந்தால் எண் தானாகக் குறையும். நடைதூரமும் அப்படித்தான். மனையின் கேட்டிலிருந்து அளந்து "கடைக்கு 800 மீட்டர், பத்து நிமிடம்" என்பார்கள். கடைசி வரிசை வீட்டு வாசலிலிருந்து, நடைபாதை உள்ள வழியாக அளந்து பாருங்கள். 'வசதியுள்ள இடம்' என்ற நிபந்தனையை உடைக்க இது உதவும்.

பறவை பார்ப்பவர்களுக்கு உயிரினக் கணக்கு. 2024 பிப்ரவரி முதல் பெரிய திட்டங்கள் நிலத்தின் இயற்கை மதிப்பை 10 சதவீதம் கூட்டித்தரவேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே புதரை வெட்டி மதிப்பைக் குறைத்துக் காட்டும் வேலை நடக்கும். அதற்கும் விதி இருக்கிறது: 2020 ஜனவரி 30-க்குப் பிறகு அனுமதியில்லாமல் அழித்திருந்தால் அழிப்பதற்கு முந்தைய நிலைதான் கணக்கு. பழைய செயற்கைக்கோள் படங்களை உடனே சேமியுங்கள். நியூட் என்ற நீர்ப்பல்லி கிடைத்தால் திட்டம் நின்றுவிடும் என்று எல்லா ஊரிலும் ஒருவர் சொல்வார். நிற்காது. பல மாவட்டங்களில் டெவலப்பர் பணம் கட்டி உரிமம் வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

வயலை உழும் குத்தகை விவசாயி இருந்தால் மண் தரத்தை அவரிடம் கேளுங்கள். 1, 2, 3ஏ என்ற உயர்தர விளைநிலத்துக்குக் கொள்கையில் எடை உண்டு; இணையத்தில் இருக்கும் பழைய வரைபடம் 3ஏ, 3பி என்று பிரிக்காது. ஹெக்டேருக்கு ஒரு துளை போட்டு மண் பார்த்தார்களா என்று அறிக்கையில் தேடுங்கள். கிரிக்கெட் கிளப்பை வெறும் ஆள்பலமாக நினைக்காதீர்கள். எல்லைக்கோட்டை ஒட்டி வீடு வந்தால் பந்து விழும் ஆபத்துக்கு ஆய்வு கேட்கலாம். ஏற்கெனவே இருக்கும் கிளப் மீது புதுக் கட்டுப்பாடு விழக்கூடாது என்று தேசியக் கொள்கையே சொல்கிறது. பாரிஷ் கவுன்சிலிடம் வரிப்பணம் உண்டு, ஒரு பிளானிங் கன்சல்டன்ட்டை அமர்த்த அதைச் செலவழிக்கச் சொல்லுங்கள். கவுன்டியில் உள்ள சிபிஆர்இ (நாட்டுப்புறத்தைக் காக்கப் போராடும் தொண்டு அமைப்பு) கிளையும் கடிதத்தைப் பார்த்துத் தரும்.

"பள்ளியில் இடமில்லை, ஜிபி (குடும்ப டாக்டர்) அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்லை" என்பது நியாயமான புலம்பல். அதற்கு செக்‌ஷன் 106 என்ற, கவுன்சிலோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு தொகை கட்டி டெவலப்பர் வாயை அடைத்துவிடுவார், அதை மட்டும் நம்பாதீர்கள். வீட்டு விலை குறையும், ஜன்னல் காட்சி மறையும் என்பவை கணக்கிலேயே வராது.

     

காலக்கெடு. கருத்துச் சொல்ல 21 நாள். முடிவெடுக்க 13 வாரம், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை இருந்தால் 16. திருத்திய வரைபடம் நடுவில் வரும், அப்போது மீண்டும் எழுதவேண்டும். அதிகாரியே மேசையில் முடிக்காமல், கவுன்சிலர்கள் அடங்கிய பிளானிங் கமிட்டிக்கு விண்ணப்பம் போக, வார்டு கவுன்சிலரிடம் பிளானிங் காரணத்தோடு கோரிக்கை வைக்கச் சொல்லுங்கள். கமிட்டியில் உட்காரும் கவுன்சிலரிடம் "கண்டிப்பாக எதிர்ப்பேன்" என்று வாக்குறுதி வாங்காதீர்கள். முன்கூட்டியே முடிவு செய்தவர் என்று அவர் விலகவேண்டி வரலாம், உங்கள் ஓட்டுத்தான் போகும். பேச மூன்று நிமிடம்தான் கிடைக்கும் என்றால் ஒரே ஆள், இரண்டே விஷயம். அதிகாரியின் பரிந்துரையை மீறிக் கமிட்டி நிராகரித்தால், ஆதாரமில்லாத காரணத்துக்கு மேல்முறையீட்டில் கவுன்சில் செலவுத்தொகை கட்ட நேரும். அந்தப் பயத்தில்தான் பலர் கை தூக்குவதில்லை. நிராகரிப்புக்கான காரணத்தை, கொள்கைப் பத்தி எண்ணோடு, நீங்களே எழுதி அவர்கள் கையில் கொடுங்கள்.

கவுன்சில் அனுமதிக்க நினைத்தாலும், கிரீன் பெல்ட்டுக்குப் பொருந்தாத வளர்ச்சி என்று முடிவாகி, கட்டடப் பரப்பு 1,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் முதலில் அமைச்சருக்குத் தெரிவிக்கவேண்டும். கிரே பெல்ட் என்று ஏற்றுக்கொண்டால் இந்த வழி அடைபடும். அதனாலும் அந்த வாதத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிராகரித்தால் டெவலப்பர் மேல்முறையீடு போவார். அனுமதித்தால் உங்களுக்கு அந்த உரிமை கிடையாது. இது அநியாயம்தான், இருப்பது இதுதான். பொது விசாரணை நடந்தால் 'ரூல் 6' தரப்பாக, அதாவது விசாரணையில் முழுப் பங்கெடுக்கும் தனித் தரப்பாக, பதிவு செய்யுங்கள். கவுன்சில் பாதியில் தன் காரணங்களைக் கைவிடுவது உண்டு, அப்போது சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய நீங்கள் மட்டுமே மிஞ்சுவீர்கள். சாட்சி அறிக்கை விசாரணைக்கு நான்கு வாரம் முன் போகவேண்டும். 1,500 சொல்லைத் தாண்டினால் சுருக்கமும் வேண்டும். எல்லாக் குழுவும் சேர்ந்து ஒரே ரூல் 6 தரப்பாக நில்லுங்கள். சொன்னதையே மூன்று பேர் சொன்னால் இன்ஸ்பெக்டர் நேரத்தை வெட்டுவார்.

"வீடில்லாமல் பிள்ளைகள் வாடகைக்கு அல்லாடும்போது நிம்பி ('என் வீட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்') வேலை பார்க்கிறீர்களே" என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். வீடு வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை. 2017 முதல் ஒவ்வொரு கவுன்சிலும் பாழ்மனைப் பதிவேடு வைத்திருக்கவேண்டும். அதை எடுத்து, எந்த மனையில் அனுமதி காலாவதியாகிக் கிடக்கிறது என்று பட்டியல் போட்டுத் தருவதும் இந்தக் குழுக்களின் வேலைதான். கடைசியில் அந்த வயல் கிரே பெல்ட் என்றே நியாயமாகத் தெரிந்தால், முழு எதிர்ப்பை விட்டுவிட்டு 50 சதவீத மலிவு வீட்டையும் பஸ் தடத்தையும் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். குழுவுக்குள் இதைச் சொல்பவருக்கு வசவு விழும், பரவாயில்லை.

வயலில் 20 வருடமாக யார் அனுமதியும் கேட்காமல் ஊரார் விளையாடியிருந்தால் 'வில்லேஜ் கிரீன்' (கட்ட முடியாத ஊர்ப் பொதுத்திடல்) என்று பதிவு செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். விண்ணப்பம் அறிவிப்பான பிறகு அந்தக் கதவு மூடிவிடும், உங்கள் வயலுக்கு இனி ஆகாது. பக்கத்து வயலுக்கு இப்போதே பாருங்கள். அனுமதி கிடைத்துவிட்டால் ஜுடிஷியல் ரிவ்யூவுக்கு (முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போவது) ஆறே வாரம், அதுவும் முடிவெடுத்த விதத்தில் சட்டப் பிழை இருந்தால் மட்டும். சுற்றுச்சூழல் வழக்கு என்பதால் தோற்றாலும் எதிர்த்தரப்புச் செலவாகத் தனிநபர் 5,000 பவுண்ட், குழு 10,000 பவுண்ட் வரைதான் கட்டவேண்டியிருக்கும். உங்கள் வக்கீல் கட்டணம் தனி. வந்தது அவுட்லைன் அனுமதி (விவரம் இல்லாத கொள்கையளவு அனுமதி) என்றால் உயரம், தளவமைப்பு, மரம் எல்லாம் பிறகு தனி விண்ணப்பமாக வரும், அதற்கும் கவுன்சில் தளத்தில் அலர்ட் போட்டு வையுங்கள்.