ஏற்காட்டுக் காட்டுப் பாதையில் கரடி எதிர்ப்பட்டால் இறந்தவர்போல் படுத்துக்கொள்ளலாமா?

கண்டவுடனே படுப்பது தவறு. வட அமெரிக்காவின் கிரிஸ்லி கரடி பாய்ந்து வீழ்த்திய பிறகு செய்யவேண்டியதையே அந்த அறிவுரை குறிக்கிறது. தமிழகக் காடுகளில் வாழ்வது கறையான், எறும்பு, தேன், பழங்களை உண்ணும் தேன்கரடி. மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாத இடைவெளி வழியாகக் கறையானை இரைச்சலுடன் உறிஞ்சும்போது, மனிதர் நெருங்குவதை அது பெரும்பாலும் அறிவதில்லை. புலிகளுக்கிடையே வாழ்ந்து பழகிய விலங்காதலால், அருகில் திடுக்கிட்டால் ஓடுவதைவிடப் பாயவே முற்படும்.

ஆகவே அதைத் திடுக்கிட வைக்காமல் இருப்பதே முதன்மையான பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. சேர்வராயன் மலையில் உண்ணிச்செடி மண்டிய வளைவுகளில் உரக்கப் பேசியபடி நடந்து, அந்தியிலும் விடியலிலும் காட்டுப் பாதைகளைத் தவிருங்கள். புதிதாகக் கிளறிய புற்றையோ பழவிதைகள் நிறைந்த எச்சத்தையோ கண்டால் திரும்பிவிடுங்கள். தொலைவில் கரடி தெரிந்தால், குறிப்பாக முதுகில் குட்டியைச் சுமந்திருந்தால், முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். ஓடுவதோ மரமேறுவதோ பயன்தராது. தேனுக்காக அதுவும் மரமேறும். தேன்கரடி பெரும்பாலும் முகத்தையும் தலையையும் குதறுவதால், அது உங்களை வீழ்த்திவிட்டால் மட்டும் குப்புறப் படுத்து, பிடரியில் விரல்களைக் கோத்து, முதுகுப்பையைக் கழற்றாமல் அசைவின்றிக் கிடக்கவேண்டும். காப்புக்காட்டிற்குள் நடக்க வனத்துறையின் முன்அனுமதி கட்டாயம்.