ஷூவுக்கு பத்தாயிரம், அதுல படம் வரைய இன்னொரு ஐயாயிரமா? இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஸ்னீக்கர் மேல ஏன் இவ்ளோ ஆசை?

கேள்விய நிதானமா படிச்சேன். உங்க பையன் காலேஜ் போய்ட்டே பார்ட் டைம் வேலை பாத்து சேத்த காசுல நைக்கி கம்பெனியோட வெள்ளை ஏர் ஃபோர்ஸ் ஒன் ஷூ வாங்கிருக்கான், இப்ப அதுல டிசைன் வரைய 5,000 ரூபாய் குடுக்கப் போறேங்கறான், இது வீண் செலவு இல்லையான்னு கேக்குறீங்க. நான் சென்னையில அந்த கஸ்டம் பெயின்ட் வேலையத்தான் பண்றேன், சாயந்திரம் ஆனா மொட்டை மாடி ரூம்ல ஷூவும் பிரஷ்ஷுமா உக்காந்திருப்பேன். அதனால பசங்க பக்கம் நின்னுதான் பேசுவேன், ஆனா எதுக்கு காசு குடுக்கலாம் எதுக்கு குடுக்க வேணாம்னும் சொல்லிடுறேன்.

கால்ல போடுறதுக்கு எதுக்கு இவ்ளோ செலவுன்னு பெரியவங்க கேக்கும்போது எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும். நம்ம ஊர்ல கால்ல என்ன போட்டிருக்கோம்ங்கறது என்னைக்குமே சின்ன விஷயமா இருந்ததில்ல. யார் செருப்பு போட்டு எந்தத் தெருவுல நடக்கலாம்னு சாதி பாத்து முடிவு பண்ண ஊரு இது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூர்ல ஒரு தெருவுல பட்டியல் சாதி மக்கள் செருப்பு போட்டு நடக்க முடியாம இருந்து, ஒரு 60 பேர் ஒண்ணா சேந்து முதல் தடவையா செருப்போட அந்தத் தெருவுல நடந்தாங்க, அது 2023 டிசம்பர், தாத்தா காலத்துக் கதை இல்ல. என்கிட்ட ஷூ குடுக்க வர்ற பசங்கள்ல பல பேர் வீட்ல அப்பா ரப்பர் செருப்பத் தவிர வேற எதுவும் போட்டதில்ல, இவங்களுக்கும் ஸ்கூலுக்கு கறுப்பு ஷூ, பி.டி. பீரியடுக்கு வெள்ளை கேன்வாஸ், கிழியற வரைக்கும் அதே ஜோடி, அவ்ளோதான். அப்படி வளந்த பையன் முதல் சம்பளத்துல தனக்குப் புடிச்ச ஷூவ அவனே தேடி எடுத்துப் போட்டுட்டு தெருவுல நடந்து போறான்னா எனக்கு அதப் பாக்க சந்தோஷமாத்தான் இருக்கு.

இந்த ஸ்னீக்கர் மோகம் இங்க வந்தது ரொம்ப வருஷம் முன்னாடி இல்ல. நைக்கியோட ஏர் ஜோர்டன் 1 ஷூ அமெரிக்காவுல 1985ல வந்துச்சு, ஆனா நம்ம ஊர்ல அந்த மாதிரி ஷூ வேணும்னா வெளிநாட்டுல இருந்து யாராவது சொந்தக்காரங்க பெட்டியில வச்சு கொண்டு வந்தாத்தான் உண்டு. 2016ல டெல்லியில வெஜ்நான்வெஜ், 2018ல மும்பையில சூப்பர்கிக்ஸ்னு ஸ்னீக்கருக்குன்னே கடைகள் வந்துச்சு, அப்புறம் 2020 லாக்டவுன்ல எல்லாரும் வீட்ல போனோட உக்காந்திருந்த நேரத்துல இன்ஸ்டாகிராம் வழியா சின்ன ஊர் பசங்க கைக்கும் இது போய்ச் சேந்துடுச்சு. கூடவே ஹிப் ஹாப், ராப், பிரேக் டான்ஸ் எல்லாம் வளந்துச்சு, அந்தப் பசங்களுக்கு ஷூவும் மேடையோட சேந்த விஷயம்.

இதுல எனக்குப் புடிக்காத பக்கம் ஒண்ணு உண்டு, ரீசேல். கம்பெனி வேணும்னே கொஞ்சமா ரிலீஸ் பண்ணும், குலுக்கல்ல பேர் விழுந்தாத்தான் கடை விலைக்குக் கிடைக்கும், கிடைச்சவன் ரெண்டு மடங்கு மூணு மடங்குக்கு விப்பான். உங்க பையன் அந்தப் பக்கம் போனா தயவுசெஞ்சு தடுங்க. தங்கம் மாதிரி வாங்கி வச்சா விலை ஏறும்னு சொல்லுவாங்க, ஆனா ஷூ தங்கம் மாதிரி அப்படியே இருக்காது. ஜோர்டன் 3, ஜோர்டன் 4 மாதிரி மாடல்ல அடியில இருக்கற நடு சோல் பாலியூரித்தேன் ஃபோம், காத்துல இருக்கற ஈரம் அதக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுடும், ஹைட்ராலிசிஸ்னு சொல்வாங்க. போடாம டப்பாவுல பூட்டி வச்சு வருஷக்கணக்குல கழிச்சு எடுத்தா சோல் கையில பொடிப்பொடியா உதிரும், அதுவும் சென்னை மாதிரி கடலோர ஊர்ல கேக்கவே வேணாம். ஷூன்னா போடணும், நடக்கணும், நடந்தாத்தான் ஃபோமும் கொஞ்ச நாள் கூட உழைக்கும்.

இப்ப கஸ்டம் விஷயத்துக்கு வர்றேன், உங்க கேள்வியே இதான். ஒரே மாடல் வெள்ளை ஷூவ லட்சக்கணக்கான பேர் போடுறாங்க, அதுல இது என்னோடதுன்னு சொல்ல ஒரு அடையாளம் வேணும்னு பசங்க நினைக்கிறாங்க. என்கிட்ட வர்றதுல பாதி அனிமேங்கற ஜப்பான் கார்ட்டூன், நருட்டோ, ஒன் பீஸ் மாதிரி, அத விட்டா தோனியோட ஏழாம் நம்பரும் மஞ்சள் கலரும். ஆனா கொஞ்ச காலமா வர்ற ஆர்டருங்க எனக்கு ரொம்ப மனசுக்குப் புடிச்ச மாதிரி இருக்கு. தமிழ் எழுத்துல பேரு, ஜல்லிக்கட்டுக் காளை, ஆட்டோ பின்னாடி எழுதற ஸ்டைல்ல ஒரு வரி, பாட்டி போடற சிக்குக்கோலத்த போட்டோ எடுத்துட்டு வந்து இதே புள்ளிக் கணக்குல பக்கவாட்டுல போட்டுத் தாங்கன்னு கேட்ட ஒரு பொண்ணு. கல்யாண ஷூன்னு ஒரு தனி வகையே வந்துடுச்சு, ரிசப்ஷன்ல மணி நேரக் கணக்கா நிக்கணும், ஹீல்ஸ்ல கால் விட்டுப் போயிடும், அதனால பட்டுப் புடவைக்குள்ள ஸ்னீக்கர் போடுறாங்க, பிளவுஸ் தச்சு மிச்சம் இருக்கற ஜரிகைத் துணிய குதிகால் பக்கம் ஒட்டி தச்சு, உள்பக்கம் ரெண்டு பேர் பேரும் தேதியும் எழுதித் தருவோம்.

இந்த வேலைக்கு ஏன் ஐயாயிரம்னா, நேரா பெயின்ட் எடுத்துப் பூசுனா நிக்காது. லெதர் மேல ஃபேக்டரியில போட்ட வழவழப்பான பூச்சு இருக்கும், அத அசிட்டோன் தொட்ட பஞ்சால பொறுமையா தொடச்சு எடுக்கணும், அதுலயே நேரம் போயிடும். அப்புறம் லெதருக்குன்னே வர்ற அக்ரிலிக் பெயின்ட், ஆஞ்சலஸ் பிராண்ட் மாதிரி, அது காஞ்சப்புறமும் வளையும், சாதாரண கைவினை அக்ரிலிக் போட்டா விரல் மடங்கற இடத்துல சீக்கிரமே வெடிச்சுடும். மெல்லிசா ஒரு கோட், காய விட்டு அடுத்த கோட்னு வெளிர் கலருக்கு ரொம்ப கோட் போகும், கடைசியா மேல பெயின்ட்டப் பாதுகாக்க ஃபினிஷர்னு ஒரு பூச்சு. மழைக்காலத்துல ஒவ்வொரு கோட்டும் காயறதுக்குள்ள பொறுமை போயிடும். பெரிய ஃபேஷன் கம்பெனி லோகோவ வரைஞ்சு குடுங்கன்னு கேட்டா மட்டும் நான் செய்யறதில்ல, அடுத்தவன் டிரேட்மார்க்க வரைஞ்சு விக்கறதும் ஃபர்ஸ்ட் காப்பின்னு போலி ஷூ விக்கறதும் எனக்கு ஒண்ணுதான்.

இன்னொரு விஷயத்தையும் உங்க பையன்கிட்ட சொல்லுங்க. அவன் ஆசைப்படற இந்த உலகத்துல நம்ம ஆளுங்க கை ரொம்பவே இருக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னா லெதர்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா செய்யாறுல தைவான்காரங்களோட ஃபெங் டே ஃபேக்டரியில நைக்கி ஷூ பண்றாங்க, லைன்ல உக்காந்து தைக்கறது பெரும்பாலும் சுத்துப்பட்டு கிராமத்துப் பொண்ணுங்க. பெரம்பலூர்ல 2023ல குரோக்ஸ் பண்ற ஃபேக்டரி திறந்தாங்க, ராணிப்பேட்டை பனப்பாக்கத்துல ஷூ பண்ற ஹாங் ஃபூ கம்பெனிக்கு 2024 டிசம்பர்ல அடிக்கல் நாட்டுனாங்க, மாநில அரசு 2022லயே காலணிக்குன்னு தனிக் கொள்கை போட்டுச்சு. ஷூ கலெக்‌ஷன் வீடியோ போடற பசங்க அமெரிக்க டிசைனர் பேரெல்லாம் மனப்பாடமா சொல்றாங்க, செய்யாறு பேர ஒருத்தர் கூட சொல்லி நான் கேட்டதில்ல, அது எனக்கு உறுத்தலாவே இருக்கு. டிசைனும் இங்கயே பண்ணணும்னு பெங்களூர்ல காமெட், டெல்லியில கல்லி லேப்ஸ் மாதிரி பிராண்டுங்க கிளம்பிருக்கு, அதையும் பாக்கச் சொல்லுங்க.

உங்க விஷயத்துல என்னோட பதில், ஷூ ஏற்கனவே வாங்கியாச்சு, அவன் சம்பாதிச்ச காசு, வரையட்டும். ஆர்ட்டிஸ்ட் யாரா இருந்தாலும் புதுசா வரைஞ்ச போட்டோவப் பாத்து முடிவு பண்ண வேணாம், ஆறு மாசம் போட்ட ஷூ போட்டோ, விரல் மடங்கற இடம் தெரியற மாதிரி கேக்கச் சொல்லுங்க, தர மாட்டேன்னா வேற ஆள் பாக்கலாம். அடுத்த ஜோடி வாங்கறப்போ 2,500 ரூபாய்க்குள்ள இருக்கற சாதா வெள்ளை லெதர் ஷூவே போதும், 2025 செப்டம்பர் 22ல இருந்து அதுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், மேல போனா 18. சூயட்னு சொல்ற சொரசொரப்பான லெதர், வலைத்துணி ஷூ இதுக்கு வேணாம், பெயின்ட் சரியா உக்காராது. அவனுக்கே கை வருமான்னு பாக்கணும்னா வீட்ல கிடக்கற பழைய ஷூ ஒண்ணுல லேஸுக்கு அடியில இருக்கற நாக்குப் பக்கம் கொஞ்சம் வரைஞ்சு, நல்லா காய விட்டு, மடக்கி மடக்கிப் பாக்கட்டும், வெடிக்கலைன்னா முன்பக்கத்துக்குப் போகலாம்.