வாவிக்கரைப் பதில்கள்: கரீனா ஏன் மன்னிப்புக் கேட்டார்?

கேள்வி: அண்ணன், என் மகளுக்கு 16 வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கொரியாவின் எஸ்பா குழுப் பாட்டென்றால் அவளுக்கு உயிர். அதில் கரீனா என்ற பாடகி ஒருவரைக் காதலித்ததற்காக ரசிகர்களிடம் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினாராம். உண்மையா? ‘அது என்ன பிழை?’ என்று கேட்டேன். ‘ரசிகர்களுக்குச் சொல்லாமல் செய்தது பிழைதானே அம்மா’ என்கிறாள். அந்தப் பதில்தான் எனக்கு உறுத்துகிறது.
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: உண்மைதான் தங்கச்சி, பிள்ளை கூட்டிச் சொல்லவில்லை. 2024 பெப்ரவரி கடைசியில் டிஸ்பாட்ச் என்ற கொரியச் செய்தித்தளம், கரீனாவும் நடிகர் லீ ஜே-வூக்கும் பழகுகிறார்கள் என்று படத்தோடு போட்டது. இரண்டு பேருடைய நிறுவனங்களும் ஆமென்று ஒத்துக்கொண்டன. மறுகா சில ரசிகர்களுக்குச் சன்னதம் வந்துவிட்டது. கரீனாவின் நிறுவனமான எஸ்எம் என்டர்டெயின்மென்ட் வாசலுக்கு மின்திரை பூட்டிய லொறி ஒன்றை அனுப்பினார்கள். ரசிகர்கள் தரும் அன்பு உனக்குப் போதாதா என்று அதில் எழுத்து ஓடியது. நம்மூரில் மரண அறிவித்தல் சொல்ல ஓட்டோ பிடிப்பதுபோல அங்கே கோபத்தைச் சொல்ல லொறி பிடிக்கிறார்கள். மார்ச் 5ஆம் திகதி கரீனா கடிதத்தை எழுதி இன்ஸ்டகிராமில் போட்டார். அப்போது அவருக்கு வயது 23. ஏப்ரல் தொடக்கத்தில் இருவரும் பிரிந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. எல்லாம் சேர்த்து ஐந்து கிழமை.

ஆண்களுக்கும் இது நடக்கிறது. 2020 ஜனவரியில் எக்ஸோ என்ற கொரிய ஆண்கள் பாட்டுக்குழுவின் சென் தனக்குக் கலியாணம் என்று அறிவித்தபோது, அவரைக் குழுவிலிருந்து நீக்கு என்று ஒரு கூட்டம் நின்றது. நிறுவனம் நீக்கவில்லை.

இந்த ரசிகர்களை விசரர் என்று தள்ளிவிட ஏலாது. அங்கே விற்கிற சாமான் பாட்டு மட்டுமில்லை. பபிள் என்று ஒரு செயலி இருக்கிறது. மாதச் சந்தா கட்டினால் பாடகி எழுதும் செய்தி உங்கள் போனுக்கு வரும், ஒரு கூட்டாளி எழுதுவதுபோல. உங்கள் மகள் அதில் தன் பெயரைப் பதிந்துவைத்தால், செய்திக்குள் அந்தப் பெயரே வந்து விழும். சாப்பிட்டாயா, எனக்கு இன்றைக்குக் களைப்பு என்று இருக்கும். அதே சாப்பிட்டாயா அதே நொடியில் காசு கட்டிய எல்லோருக்கும் அவரவர் பெயரோடு போயிருக்கும். சீடி வாங்கினால் உள்ளே சீட்டளவில் ஒரு படம். யாருடைய படம் வருமென்று தெரியாது. பிடித்தவரின் படம் கிடைக்கும்வரை ஒரே சீடியைத் திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நெருக்கத்தை இப்படிச் சில்லறையாக விற்றுவிட்டு, நடுவில் ஒரு காதலன் வந்தால் வாங்கியவர்கள் கணக்குக் கேட்கத்தான் செய்வார்கள். கேட்க வேண்டியது நிறுவனத்திடம். கேட்டது அந்தப் பெண்ணிடம்.

1980களில் மட்டக்களப்பு நகரில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தவன் நான். பாட்டுப் பட்டியலைக் கடதாசியில் எழுதித் தந்தால் 60 நிமிடக் கசற்றில் அடித்துக் கொடுப்பேன். ஒரு பொட்டை வருவாள். வானொலி அறிவிப்பாளர் ஒருவருக்குக் கிழமை தவறாமல் தபாலட்டை போடுகிறவள். நேயர் விருப்பத்தில் அவர் இவளுடைய பெயரை வாசிக்கும் இடத்தை மட்டும் வெட்டி வெட்டிப் பதிந்து தரச் சொன்னாள். ஒரு பக்கம் முழுக்க அந்த மனிதரின் குரலில் இவளுடைய பெயர்! அவர் பிள்ளைகுட்டிக்காரர் என்று யாரோ பிறகு சொல்லிவிட்டார்கள். கசற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “இதுக்கு மேல ஏதாவது பாட்டு அடிச்சுத் தாங்க அண்ணன்” என்றாள். நான் காசு வாங்கவில்லை. பெயரைப் போட்டுப் பேசினால் மனம் போய்விடும், அன்றைக்கும் அப்படித்தான். அவளுக்கு லொறி பிடிக்கத்தான் வழியில்லை.

சரி, உங்கள் மகளுடைய பதிலுக்கு வருகிறேன். அது கொரியாவிலிருந்து வந்த பதிலாக எனக்குப் படவில்லை. டியூசன் விட்டு வருகிற பிள்ளை பஸ் தரிப்பில் ஒரு பொடியனோடு இரண்டு வார்த்தை கதைத்தால், அவள் ஒழுங்கைக்குத் திரும்ப முன்னமே செய்தி வீட்டுக்குள் இருக்கும். ‘நாலு பேருக்கு நாங்க என்ன பதில் சொல்றது?’ நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நானும் என் மகளுக்குச் சொன்னவன்தான். கேட்காமல் ஒன்றும் செய்யாதே, செய்தால் பதில் சொல் என்று ஊரே சேர்ந்து படிப்பித்த பாடத்தை உங்கள் பிள்ளை கரீனாவுக்கு ஒப்புவிக்கிறாள். ஆகவே பாட்டுக்காரியைப் பற்றி அவளோடு வாதாட வேண்டாம். ‘உனக்கு ஒருவரைப் பிடித்தால் யார் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நினைக்கிறாய்?’ என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லும் பட்டியலில் நீங்கள் எத்தனையாவது என்று பாருங்கள். கேட்கும்போது கையில் அகப்பை வேண்டாம்.

கேள்வி: அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் கோடிக்கணக்கில் உழைத்தும் தன் காசைத் தொட முடியாமல் இருந்தாராமே, எப்படி?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: 2008இல் அவருடைய மனநிலையைக் காரணம் காட்டி, லொஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் காசையும் சொந்த வாழ்க்கையையும் பார்க்கும் பொறுப்பைத் தகப்பனிடம் கொடுத்தது. ஏறத்தாழ 13 வருடம் இப்படியே போனது. தன் காரியத்தைத் தானே பார்க்க ஏலாதவர் என்று எழுதிவைத்த அதே ஆளை 2013 கடைசியிலிருந்து நான்கு வருடம் லாஸ் வேகாஸ் மேடையில் ஆடவும் விட்டார்கள், அதுதான் வேடிக்கை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்றாலும் கருத்தடைச் சாதனத்தை எடுக்க விடவில்லை என்று 2021 ஜூனில் நீதிமன்றத்தில் அவரே சொன்னார். நவம்பர் 12ஆம் திகதி நீதிபதி அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார்.

கேள்வி: நான் யூடியூபில் பாடுகிறேன். பார்க்கிறவர்கள் வீட்டைக் காட்டு, அம்மாவைக் காட்டு என்கிறார்கள். காட்டினால் ஆட்கள் கூடுவார்களா ஐயா?
– மாணவன், திருக்கோவில்

பதில்: கூடுவார்கள் மகன். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எங்கள் ஊரில் வடமோடிக் கூத்தில் இருபது வருடம் பெண்வேடம் கட்டிய ஒரு பெரியவர் இருந்தார். விடிய விடிய ஆடுவார். களரியில் அவர் அழுதால் பெண்டுகளும் சேர்ந்து அழுவார்கள். காலையில் வயலில் கோவணத்தோடு நிற்பார். இரண்டும் ஒரே ஆள் என்று ஊருக்குத் தெரியும். ஆனால் உடுப்போடு அவர் பீடி பற்றியதை ஒருவரும் கண்டதில்லை. ஏன் என்று கேட்டேன். “பீடி என்ர, உடுப்பு ஆக்கள்ர” என்றார்.

பாட்டுக்கு ஒரு சுவரைத் தெரிவுசெய், எப்போதும் அதற்கு முன்னால் இருந்து பாடு. பாடசாலைச் சீருடை, வீட்டுப் படலை, அம்மாவுடைய போன் நம்பர் மூன்றும் படத்தில் விழக்கூடாது. அம்மாவைக் காட்டுவதென்றால் முதலில் அம்மாவிடம் கேள். அவ சீலை மாற்றிக்கொண்டு வர நேரம் கொடு.