பத்துக் காகித உருண்டைகளோடு வகுப்புக்குப் போங்கள்

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்தவள் நான். இப்போது சிங்கப்பூரில், செங்காங்கில் வீட்டோடு இருக்கிறேன். மகன் தொடக்கநிலை 3 படிக்கிறான். அவன் பள்ளியில் தொண்டூழியராகப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் சொல்லித்தர ஆசை. எப்படித் தொடங்குவது?

பதில்: சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இங்கே அறிவியல் பாடமே தொடக்கநிலை 3இல்தான் ஆரம்பிக்கிறது. பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் சேர்ந்துவிட்டு, அறிவியல் ஆசிரியரைப் பாருங்கள். "ஏதாவது சொல்லித்தரட்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. "வாழ்க்கைச் சுழற்சி நடத்தும் வாரத்தில் அரை மணி நேரம் தாருங்கள்" என்று கேளுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழில் செய்ய விருப்பமென்றால் தமிழாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள்.

உருகும் பனிமலையில் தொடங்க வேண்டாம். 9 வயதுப் பிள்ளைக்கு அது பயத்தை மட்டுமே தரும். தினமும் கைபடுகிற ஒன்றை எடுங்கள். வீட்டுக் குப்பைக் குழாயில் போட்ட பை எங்கே போகிறது? "கீழே" என்பார்கள். அங்கிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி 10 உருண்டைகள் செய்து ஒரு பிள்ளையின் கைகளில் அடுக்குங்கள். இரண்டு மூன்று உருண்டு விழும். அதுதான் நம் குப்பை. ஆலையில் எரித்தால் குப்பையின் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறையும். ஒன்பதை எடுத்துவிடுங்கள். மிஞ்சிய ஒன்று சாம்பல். அது கடல்வழியாகச் செமக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்த இடம் 2035வாக்கில் நிரம்பிவிடும் என்பது கணிப்பு. அப்போது தங்களுக்கு என்ன வயது என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். "அதற்குப் பிறகு இந்த உருண்டையை எங்கே வைப்பது?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள். அவர்கள் பேசுவதுதான் பாடம்.

கொசுவின் வாழ்க்கைச் சுழற்சிக்குப் படம் போதும். புட்டியில் கொசுப்புழு வளர்த்துக் கொண்டுபோகவே கூடாது. டெங்கி உள்ள ஊர் இது. பூச்சட்டித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு வருவதை வீட்டுவேலையாகக் கொடுங்கள்.

பிள்ளைகளோடு தனியாக இருக்காதீர்கள், ஆசிரியர் எப்போதும் உடனிருக்கட்டும். பள்ளி அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள்.

ஒருமுறை வந்துபோகும் விருந்தாளியாக இல்லாமல், பள்ளித் தவணைக்கு ஒருதடவையாவது போங்கள். இரண்டாம் தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைகளின் முகமே மாறும். பள்ளி ஒத்துக்கொண்டால் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குக் கூட்டிப் போகலாம். கடல் வற்றும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். முன்துடுப்பை ஊன்றிச் சேற்றில் நகரும் மீனை அப்போதுதான் நன்றாகப் பார்க்கலாம். அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது என்பதைப் பேருந்தில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.