மிளகாய் இலை சுருளுது: எந்தப் பக்கம் எண்டு முதல்ல பாருங்கோ

வணக்கம். கிளிநொச்சியில வீட்டு மிளகாய்க் கன்றுகள் பங்குனி வெயிலோட சுருளுது, யூரியா போட்டும் தெளியேல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். யூரியாவை நிப்பாட்டுங்கோ. இளங்கொழுந்து கூடினால் சாறு குடிக்கிற பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்.

இலை விளிம்பு மேல்நோக்கி வள்ளம் மாதிரி மடிஞ்சால் பனிப்பூச்சி. கொழுந்தை வெள்ளைத் தாளில தட்டுங்கோ, மெல்லிய மஞ்சள் பூச்சிகள் ஓடும். கீழ்நோக்கி மடிஞ்சு இலைக்காம்பு நீண்டிருந்தால் சிற்றுண்ணி. அது வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

பனிப்பூச்சிக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடிச்சு, துணியில கட்டி, ஒரு லீற்றர் தண்ணியில இரவு முழுக்க ஊறவிட்டுப் பிழியுங்கோ. வடிச்சு, கொஞ்சம் சவர்க்காரம் கரைச்சு, பின்னேரம் இலையின்ர அடிப்பக்கம் நனைய அடியுங்கோ. வெயிலில வேம்பின்ர வீரியம் கெதியா போயிடும். கிழமைக்கு ஒருக்கா, மூண்டு தரம்.

சிற்றுண்ணிக்கு வேம்பைவிட நனையும் கந்தகத்தூள் (தண்ணியில கலந்து அடிக்கிற கந்தகம்) தான் திறம், பைக்கற்றில போட்ட அளவுக்கு. ஆனால் 32 பாகைக்கு மேல வெயில் எரிக்கிற நாளில அடிச்சால் இலை கருகும். மப்பான நாள் பாருங்கோ. வேப்பெண்ணெய் அடிச்சிருந்தால் ரெண்டு கிழமை பொறுக்கவேணும்.

இலை சிறுத்து மஞ்சளாகி, கன்று குட்டையா நிண்டால் வைரசு. அதுக்கு மருந்தில்லை, பிடுங்கி எரியுங்கோ.