பலகை முன்னால் ஓடி, நீங்கள் பின்னால் விழுவது ஏன்?

36 வயதில் ஸ்கேட்போர்டு தொடங்கி மூன்று வாரம் ஆகியும், காலால் தள்ளும்போதெல்லாம் பலகை முன்னால் பாய்ந்துவிடுகிறது, நீங்கள் மல்லாந்து விழுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். வயது இதற்குக் காரணமே இல்லை. உடம்பின் எடை பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான். பயத்தில் எல்லோருமே பின்னால் சாய்வோம். சாய்ந்ததும் பலகை காலடியிலிருந்து நழுவிவிடும்.

முன்காலை முன்பக்க போல்ட்டுகளின் மேல், விரல்கள் நீங்கள் போகும் திசையைப் பார்த்தபடி வையுங்கள். அந்த முழங்காலை நன்றாக மடக்குங்கள். உங்கள் மூக்கு அந்த முழங்காலுக்கு நேர் மேலே வர வேண்டும். தள்ளும் காலைப் பலகைக்குப் பக்கத்திலேயே ஊன்றுங்கள். எட்டி ஊன்றினால் இடுப்பு திரும்பிவிடும். முதலில் புல்தரையில் பலகையை வைத்து, முன்கால் மட்டும் ஊன்றி பத்து விநாடி நில்லுங்கள். ஆடாமல் நிற்க வந்த பிறகு சிமெண்ட் தரைக்குப் போங்கள். நானும் 30 தாண்டித்தான் கற்றேன். எனக்குக் கைகொடுத்தது இந்தப் பயிற்சிதான்.

அப்புறம் சக்கரம். சக்கரத்தின் கடினத்தை 78ஏ, 99ஏ என்று எண்ணால் குறிப்பார்கள்; எண் கூடக்கூடக் கடினமும் கூடும். 99ஏ போன்ற கடினமான சக்கரம் என்றால் சின்னக் கல் பட்டாலே பலகை சட்டென நின்று, ஆளைத் தூக்கி முன்னால் எறியும். சாலையில் பழக 78ஏ அளவில் மென்மையான சக்கரம் நல்லது.

தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு இரண்டும் இல்லாமல் தயவுசெய்து ஏறாதீர்கள். விழும்போது நாம் தன்னையறியாமல் கையைத்தான் ஊன்றுவோம், மணிக்கட்டு உடைவது அப்படித்தான்.