பாதியில் மூடிவைத்த நாவல்

வணக்கம். சுனாமியில் மகளைத் தேடும் தாயின் கதையை வாசிக்க முடியாமல் அடிக்கடி மூடிவைப்பதாகவும், இது கோழைத்தனமா என்றும் கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக இல்லை. கதை கற்பனை என்று அறிவு அறிந்திருந்தாலும், நெஞ்சு படபடப்பதும் மூச்சு முட்டுவதும் உண்மையாகவே நிகழ்கின்றன. உடல் தணியச் சற்று நேரம் வேண்டும் என்பதால், இடைநிறுத்துவதும் வாசிப்பின் ஒரு பகுதியே. அதிலும் 2004 டிசம்பர் 26 அன்று திருகோணமலைக் கரையில் அந்த அலையைச் சிறுவயதில் கண்ட உங்களுக்கு, இது வெறும் கதையாக இருக்க முடியாது.

இரவில் வாசிக்காதீர்கள். பகலில், வீட்டில் ஆட்கள் இருக்கும்போது சில பக்கங்கள் வாசித்து, பதைப்பு உச்சத்தை எட்டும் இடத்திலன்றி, காட்சி சற்றே அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இல்லையெனில் மனம் அந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். முடிவை முன்கூட்டியே வாசிப்பதிலும் தவறில்லை, நானும் அப்படிச் செய்வதுண்டு. மனம் ஆறக் கடற்கரைக்குப் போகச் சொல்வது இங்கே வழமை. இந்த நாவலுக்கு அது பொருந்தாது, யாருடனாவது பேசிக்கொண்டிருங்கள்.

புத்தகத்தை மூடிய பின்னும் வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, பழைய காட்சிகள் தாமாகவே வந்துகொண்டிருந்தால், இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐ அழையுங்கள். மனம் தேறும்வரை நாவலை அலுமாரியிலேயே விட்டுவிடலாம்.